மேகாலயத்தில் ஒரு வீட்டு வண்டி

நுழையும்முன்

இந்தியாவின் வடகிழக்கில் உள்ள மலை மாநிலம் மேகாலயம். மேகங்களின் இருப்பிடம் என்பது அப்பெயரின் பொருள். உலகிலேயே மிகுதியாக மழை பெறும் ஊர்கள் அங்கு உள்ளன. பணி ஓய்வு பெற்ற தமிழ் இணையர் இருவர், தாமே அமைத்துக்கொண்ட வண்டியில் அம்மலைநாட்டுக்குச் சென்றுவந்த கதை இப்பாடம். இணையரும் அவர்தம் வண்டியும் கற்பனை. ஊர்களும் மழையின் அளவுகளும் உண்மை. பாடத்தைப் படிக்குமுன் இந்திய வரைபடத்தில் குவாகாத்தி, ஷில்லாங், சோரா ஆகிய மூன்று இடங்களையும் கண்டறிந்து குறித்துக்கொள்க.

பாடம்

குவாகாத்தி நகரின் மாலிகாவ் பகுதியில் வடகிழக்கு எல்லை இரயில்வேயின் தலைமையகம் உள்ளது. அங்கே முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய மனைவி இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். திருமணமாகி வந்தபின் அக்கம்பக்கத்தாரின் அசாமிய மொழியும் கடைத்தெருவின் இந்தியும் அவருக்குப் பழகிவிட்டன. ஆயினும் ஊரில் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீடு அவர் நினைவை விட்டு அகலவே இல்லை. கணவர் ஓய்வு பெற்றதும் ஓடுகளை மாற்றி, திண்ணையைச் செப்பனிட்டு, அங்கேயே குடியேற வேண்டும் என்பது அவரது நெடுநாள் விருப்பம்.

கணவரின் விருப்பம் வேறாக இருந்தது. பணிக்காலம் முழுவதும் அவர் இரயிலின் காலஅட்டவணைக்குக் கட்டுப்பட்டே வாழ்ந்தவர். இனியாவது நினைத்த இடத்தில் நின்று, நினைத்தபோது புறப்பட வேண்டும் என்று எண்ணினார். ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு பழைய டெம்போ டிராவலர் வண்டி ஒன்றை வாங்கினார். இருக்கைகளை எடுத்துவிட்டுக் கட்டில் ஒன்றும், அதன்கீழ் பெட்டிகளும், எரிவாயு அடுப்பும், எண்பது லிட்டர் நீர்த்தொட்டியும் பொருத்தச் செய்தார். கூரைமேல் சூரிய மின்தகடு ஏறியது. இத்தகைய மாற்றங்களுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும், அதனையும் பெற்றார். கேரவன் என்று இவ்வகை வண்டியைச் சொல்வர். திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றே தமிழ்நாட்டில் பலரும் அதனை அறிவர். அம்மையார் அதற்கு ‘வீட்டு வண்டி’ என்று பெயரிட்டார். அப்பெயரில் கேலியும் சிறிது கலந்திருந்தது. வீட்டுக்கென்று வைத்திருந்த பணமல்லவா வண்டியாக மாறி வாசலில் நின்றது!

ஷில்லாங்கையும் சோராவையும் காண அக்டோபர் மாதமே ஏற்றது என்று அறிந்தோர் அனைவரும் கூறினர். அவரோ சூன் மாதத்தைத் தேர்ந்தெடுத்தார். மழையை அதன் சொந்த ஊரிலேயே பார்க்க வேண்டும் என்றார். அம்மையார் மறுத்துப் பார்த்தார். அறுபது வயதைக் கடந்தவரை மழைக்கால மலைப்பாதையில் தனியே அனுப்ப மனமில்லாமல், புளிக்காய்ச்சல் ஒரு பெரிய புட்டி நிறையச் செய்து எடுத்துக்கொண்டு உடன் புறப்பட்டார்.

குவாகாத்தியிலிருந்து ஷில்லாங் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். ஜோராபாத் என்னுமிடத்தில் சமவெளி முடிந்து மலை தொடங்குகிறது. நாங்போவைக் கடந்ததும் அன்னாசிப் பழங்களை அடுக்கிவைத்த சாலையோரக் கடைகள் வரிசையாக வந்தன. ஷில்லாங்கை நெருங்குகையில் உமியம் ஏரி தென்பட்டது. இயற்கையான ஏரி போலத் தோன்றினும், நீர்மின் திட்டத்திற்காக 1960களில் அணை கட்டித் தேக்கப்பட்ட நீர் அது. ஏரியின் கரையில் முதல் நாள் இரவு வண்டி நின்றது. அன்று தூறல்தான். வண்டிக்குள் காபி மணத்தது. அம்மையார்கூடச் சன்னலோரம் அமர்ந்து, “பரவாயில்லையே” என்று ஒரு சொல் சொன்னார். அச்சொல்லை அவர் மறுநாளே திரும்பப் பெற நேர்ந்தது.

ஷில்லாங்கிலிருந்து சோரா ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நாம் பாடநூல்களில் சிரபுஞ்சி என்று படிக்கும் ஊர்தான் அது. அங்கு வாழும் காசி இன மக்கள் தம் ஊரைச் சோரா என்றே வழங்குகின்றனர். ஆங்கிலேயர் நாவில் அது சேரா ஆகிப் பின்னர்ச் சிரபுஞ்சியாயிற்று. மாக்டாக் பாலத்தைக் கடந்தபின் சாலையின் ஒருபுறம் ஆழ்ந்த பள்ளத்தாக்கு தொடர்ந்து வந்தது. பள்ளத்தாக்கு என்பதைத்தான் அவர்கள் வரைபடத்தில் கண்டார்களேயன்றிக் கண்ணால் காணவில்லை. வெண்பஞ்சு போல மேகம் அதனை விளிம்புவரை நிரப்பியிருந்தது. எதிரே வரும் வண்டியின் விளக்குகள் பத்தடி தொலைவுக்கு வந்த பின்னரே தெரிந்தன.

மலைச்சாலையில் வண்டி ஓட்டுவதற்கெனச் சில நெறிகள் உள்ளன. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே செல்லலாகாது. அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இரண்டாம் கியரில் வைத்து இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பின்னின்று இழுத்துப் பிடிக்கும். குறுகிய ஏற்றத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால், மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இவற்றையெல்லாம் அவர் நன்கு அறிந்திருந்தார். மழையோடு வாழும் வகையைத்தான் அறியாதிருந்தார்.

இரண்டு நாள்களில் வண்டிக்குள் நனையாத பொருள் ஒன்றுகூட இல்லை. மழை உள்ளே வந்ததால் மட்டும் அன்று. மூடிய சிறு அறையில் இருவர் உறங்கும்போது அவர்கள் மூச்சிலுள்ள ஈரமே குளிர்ந்த தகரச் சுவரில் நீர்த்துளிகளாகப் படிந்து வழியும். சோறு வடித்தால் ஆவியும் அத்துடன் சேரும். அதற்காகச் சன்னலைத் திறந்தால் மழை நுழையும். திறவாமல் அடுப்பெரிப்பதோ உயிருக்கே தீங்காகும். உப்பு கரைந்தது. தீக்குச்சி உரசினால் மருந்து மட்டும் உதிர்ந்தது. துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியில் தொங்கியும் காயவில்லை. சூரியனே இல்லாத நாட்டில் சூரிய மின்தகடு என்ன செய்யும்? மின்கலத்தை நிரப்புவதற்காகவே தேவையின்றி ஊரைச் சுற்றி வண்டியை ஓட்ட வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, அந்த மின்தகட்டைப் பொருத்தத் துளைத்த இடத்தின் வழியாகவே நீர் கசிந்து, சரியாகத் தலையணைமீது சொட்டியது. அவர் எம்-சீல் வைத்து அடைத்தார். ஈரத்தில் அது பிடிக்கவில்லை. அம்மையார் அங்கே ஒரு குவளையை வைத்தார்.

சோராவில் மழை பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் கனத்துப் பெய்யும். தகரக் கூரைமேல் அது பெய்யும் ஓசையைக் கேட்டோரே அறிவர். அருகருகே அமர்ந்தும் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்கவில்லை. மாசின்ராம் என்னும் பக்கத்து ஊரில் மழையின் ஓசையைத் தணிப்பதற்கென்றே வீட்டுக் கூரைகளின்மேல் புல்லைப் பரப்பும் வழக்கம் உண்டு. வண்டிக்கு ஏது புல்? மூன்றாம் இரவு, அவர் நாட்குறிப்பிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, “குளிர்கிறதா?” என்று எழுதி நீட்டினார். அம்மையார் பென்சிலை வாங்கி, அதன்கீழ் எழுதினார்: “இது ஓடு மாற்ற வைத்திருந்த பணம்.”

ஓராண்டாக அவர் வாய்திறந்து சொல்லாத சொல் அது. கணவர் நெடுநேரம் அத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “தெரியும்” என்று எழுதினார். வேறொன்றும் எழுதவில்லை. குவளையில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

இவ்வளவு மழை அங்கு ஏன் பெய்கிறது என்பதை அறிய, மறுநாள் காலை சிறிது நேரம் மழை ஓய்ந்தபோது அவர்கள் கண்ட காட்சி போதுமானது. சோராவின் தெற்கு விளிம்பில் நின்றால், மலை சட்டென்று முடிந்து கீழே சமவெளி விரிகிறது. அது வங்காளதேசத்தின் சில்ஹெட் பகுதி. சூன் மாதத்தில் அச்சமவெளி நிலமாகத் தெரிவதில்லை. வெள்ளம் பரவிக் கடல் போலவே தெரிகிறது. வங்காள விரிகுடாவிலிருந்து நீராவியைச் சுமந்துவரும் பருவக்காற்று, தடையேதுமின்றி அச்சமவெளியைக் கடந்து வருகிறது. வந்த வேகத்தில், ஆயிரம் மீட்டருக்கும் மேல் செங்குத்தாக எழுந்து நிற்கும் காசி மலைமீது மோதுகிறது. பள்ளத்தாக்குகள் புனல் போலக் காற்றைக் குவிக்கின்றன. மேலே ஏறியாக வேண்டிய காற்று குளிர்கிறது. குளிர்ந்ததும் சுமையை இறக்குகிறது.

சோராவின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 11,770 மில்லிமீட்டர். மாசின்ராமின் சராசரி அதனினும் நூறு மில்லிமீட்டர் அளவு மிகுதி. வழிந்தோடாமல் அப்படியே தேங்குமாயின், நான்கு மாடிக் கட்டடம் மூழ்கும் உயரம் அது. 1860 ஆகஸ்டு முதல் 1861 சூலை வரையிலான ஓராண்டில் சோராவில் 26,000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. ஓராண்டு மழையில் உலகச் சாதனை இன்றும் அதுவே. 2022 சூன் 17 அன்று காலை முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் மாசின்ராமில் 1003.6 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட அந்த ஒரு நாள் மழை மிகுதி. கணவர் இதனைப் படித்துக் காட்டியபோது அம்மையார் சிரித்துவிட்டார். “எங்கள் ஊருக்கு இதில் ஒரு நாளைக் கடனாகக் கொடுத்தால் போதும்” என்றார்.

அன்று பிற்பகல் அவர்கள் சோராவிலிருந்து தெற்கே இறங்கும் சாலையில் சென்றனர். ஒரு வளைவைக் கடந்ததும் ஓடையொன்று தென்பட்டது. கண்ணாடி போன்ற நீர். கரையில் பச்சைக் கம்பளம் விரித்தாற் போலப் புல். எதிரே ஓர் அருவி. கணவர் மகிழ்ச்சியோடு வண்டியைப் புல்வெளியில் இறக்கி நிறுத்தினார். பயணம் முழுவதும் அவர் தேடிவந்த இடம் அதுதான். அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியை எடுத்து வெளியே போட்டார்.

அம்மையார் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஓடையின் கரையோரமாக நடந்தவர், ஒரு புதரின் அருகே நின்றுவிட்டார். புதரின் கிளைகளில் காய்ந்த வைக்கோல் போன்ற செத்தையும் கிழிந்த பிளாஸ்டிக் பையும் சிக்கித் தொங்கின. அவை அவருடைய இடுப்பளவு உயரத்தில் இருந்தன.

“என்னங்க, வண்டியை எடுங்கள்” என்றார்.

“ஏன்? இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?”

“இந்தச் செத்தை இவ்வளவு உயரத்துக்கு எப்படி வந்தது? காற்றா கொண்டுவந்து கட்டியிருக்கிறது?”

கணவர் ஓடையைப் பார்த்தார். கணுக்கால் நனையும் அளவே நீர் ஓடிக்கொண்டிருந்தது. வானமும் அப்போது வெளுத்திருந்தது. “மழையே இல்லையே” என்றார்.

“இங்கே இல்லை. மேலே?”

வறண்ட ஊரில் பிறந்தவருக்கு வெள்ளத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நாம் நினைக்கலாம். உண்மையில் அவருக்கே அது நன்கு தெரியும். ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் காட்டாறுகள், எங்கோ பெய்த மழையால் திடுமென நீர் பெருகி வருவதை அவ்வூர்ப் பிள்ளைகள் பார்த்தே வளர்கின்றனர். அம்மையார் எட்டு வயதுச் சிறுமியாய் இருந்தபோது, வெயில் காயும் ஒரு பகலில், ஆற்றுமணலில் நிறுத்திவைத்த வைக்கோல் வண்டி ஒன்று அவர் கண்ணெதிரே மிதந்து சென்றது. கருவேல மரத்தில் எந்த உயரத்தில் செத்தை தங்கியிருக்கிறதோ, அந்த உயரம்வரை ஆறு வந்து போயிருக்கிறது என்று அன்று அவருடைய தாத்தா காட்டிக்கொடுத்தார்.

கணவர் மறுபேச்சின்றி நாற்காலியை மடித்தார்.

இருள் கவியும் வேளையில், சற்று மேலே, சாலையோரத்தில் ஒரு தேநீர்க்கடை தென்பட்டது. கடையை நடத்திய பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். காசி மக்கள் இத்தகைய பெண்களைக் ‘கோங்’ என்று அழைப்பர். அக்கா என்பது அதன் பொருள். அம்மையாரும் அவரைக் கோங் என்றே அழைத்து, இரவு வண்டியை நிறுத்த இடம் கேட்டார். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இந்திதான். அது போதுமானதாக இருந்தது. எதிரேயுள்ள பள்ளியின் விளையாட்டுத் திடலில் நிறுத்திக்கொள்ளுமாறு அவர் கூறினார். சரிவின் அடியில் நிறுத்த வேண்டாம் என்றும், மேலிருந்து சிறு கற்கள் உருளத் தொடங்கினால் உடனே கடைக்கு ஓடிவந்துவிட வேண்டும் என்றும் சொல்லிவைத்தார். அடுத்தடுத்துப் பெய்யும் மழையில் மண் ஊறி, மரங்களோடு சேர்ந்து சரிவது அங்குப் புதிதன்று.

இரவு ஒன்பது மணிக்கு மழை தொடங்கியது. முந்தைய இரவுகளின் மழையெல்லாம் இதன் முன்னுரை என்று தோன்றியது. இருவரும் உறங்கவில்லை. விடியும் முன்பு, மழையின் ஓசைக்கும் அடியில் வேறோர் ஓசை எழுந்தது. பாறைகள் ஒன்றோடொன்று உரசி உருளும் ஓசை. ஒளி வந்தபின் இருவரும் குடை பிடித்து வளைவுவரை நடந்து சென்று கீழே பார்த்தனர். புல்வெளி இல்லை. காபி நிறத்தில் நீர் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை நுரைத்துப் பாய்ந்தது. செத்தை தொங்கிய புதரின் நுனி மட்டும் நீருக்குமேல் தலையாட்டிக்கொண்டிருந்தது.

அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. கணவர் குடையை அவர் பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் பிடித்தார்.

திரும்பிவந்தபோது இன்னொரு சிக்கல் காத்திருந்தது. ஊறிய திடலில் வண்டியின் பின்சக்கரங்கள் பாதியளவு புதைந்துவிட்டன. ஓட்ட முயன்றால் சக்கரம் சுழன்று இன்னும் ஆழத் தோண்டியது. கோங் குரல் கொடுத்தார். சிறிது நேரத்தில் எட்டுப் பேர் வந்தனர். அவர்களில் மூவர் முதுகில் ‘க்னுப்’ அணிந்திருந்தனர். மூங்கிலும் இலையும் கொண்டு முடைந்த மழைக்காப்பு அது. தலையில் தொடங்கி முதுகு முழுவதையும் ஆமையோடு போல மூடும். குடை பிடித்தால் ஒரு கை போய்விடும். க்னுப் அணிந்தால் இரண்டு கைகளும் வேலைக்கு உதவும். கொட்டும் மழையில் குனிந்து நாற்று நடுவோரின் கண்டுபிடிப்பல்லவா! அவர்கள் சக்கரத்தின்முன் பிளந்த மூங்கிலையும் தட்டைக் கற்களையும் பரப்பினர். எஞ்சினை மெல்ல முடுக்கச் சொல்லிப் பின்னின்று தள்ளினர். நான்காம் முயற்சியில் வண்டி கரையேறியது. தள்ளியவர்களின் உடையெல்லாம் சேறு. கணவர் பணத்தை நீட்டியபோது சிரித்து மறுத்துவிட்டனர். அம்மையார் அடுப்பைப் பற்றவைத்தார். பத்துப் பேருக்குச் சோறு வடித்துப் புளிக்காய்ச்சலில் கிளறிக் கொடுத்தார். முதல் கவளத்தில் அவர்கள் முகம் சுளித்ததையும், இரண்டாம் முறை தட்டை நீட்டியதையும் பின்னாளில் அவர் பலரிடமும் சொல்லி மகிழ்ந்ததுண்டு.

தேநீர்க்கடையின் பின்புறம் ஆறு பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்கள் வரிசையாக நின்றன. கூரைநீர் மூங்கில் குழாய் வழியாக அவற்றுள் விழுந்து நிரம்பி வழிந்தது. ஊரே நீரில் மிதக்கையில் இத்தனை பீப்பாய்கள் எதற்கு என்று அம்மையார் கேட்டார். கோங் விரல்விட்டு எண்ணிக் காட்டினார்: திசம்பர், சனவரி, பிப்ரவரி, மார்ச்சு. அந்த மாதங்களில் ஊற்றுகள் வற்றிவிடும். பெண்கள் குடங்களைச் சுமந்துகொண்டு நெடுந்தொலைவு நடப்பர். சில ஆண்டுகளில் தண்ணீரை விலைகொடுத்தும் வாங்க நேரும்.

அம்மையாரால் நம்ப முடியவில்லை. சோராவை ‘ஈரப் பாலைவனம்’ என்று அறிஞர்கள் குறிப்பிடுவது இதனால்தான். மலைமேல் ஒரு காலத்தில் அடர்ந்திருந்த காடுகள் அழிந்தன. நிலக்கரிக்காகவும் சுண்ணாம்புக் கல்லுக்காகவும் நிலம் தோண்டப்பட்டது. பிடித்துவைக்கும் வேர்கள் இல்லாத மேல்மண்ணை மழை அரித்துச் சென்றது. இன்று பல இடங்களில் பாறையே வெளியில் தெரிகிறது. மழைநீரில் பெரும்பகுதி பாறையில் நில்லாமல் வழிந்து, சில மணி நேரத்தில் வங்காளதேசத்துச் சமவெளியை அடைந்துவிடுகிறது.

“எங்கள் ஊரில் உங்களுடைய ஒரு நாள் மழைதான் ஓராண்டு மழை” என்றார் அம்மையார்.

“அப்படியென்றால் எப்படி வாழ்கிறீர்கள்?” என்று கோங் வியந்தார்.

கண்மாயைப் பற்றி அரைகுறை இந்தியில் சொல்வது எளிதன்று. அம்மையார் தரையில் குச்சியால் கோடு கிழித்துக் காட்டினார். பிறை வடிவில் ஒரு கரை. மழைநீரைக் கொண்டுவந்து சேர்க்கும் வரத்துக்கால். வயலுக்கு நீரைத் திறந்துவிடும் மடை. மிஞ்சிய நீர் கரையை உடைக்காமல் வெளியேறும் கலுங்கு. அந்த நீர் வீணாகாமல் அடுத்த ஊர்க் கண்மாய்க்குச் செல்லும். குடிநீருக்கென்று தனியே ஊருணி. அதில் கால் வைக்கவும் விடமாட்டார்கள். சொல்லச் சொல்ல அவர் குரல் தாழ்ந்தது. அவர் பிறந்த ஊரின் வரத்துக்கால் தூர்ந்து பல ஆண்டுகளாயின. அதைக் கோங்கிடம் அவர் சொல்லவில்லை.

மீண்டும் பைனுர்ஸ்லா வழியாகச் சுற்றிக்கொண்டு, மாலின்னாங் அருகிலுள்ள ரிவாய் என்னும் சிற்றூரை அடைந்தனர். அங்குள்ள வேர்ப்பாலத்தைக் காணச் சிறிது தூரம் படியிறங்கினால் போதும். நாங்ரியாட் ஊரின் புகழ்பெற்ற ஈரடுக்குப் பாலத்தைக் காண வேண்டுமாயின் 3,000க்கும் மேற்பட்ட படிகளை இறங்கி ஏற வேண்டும். அம்மையாரின் முழங்கால் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

காசி மலையின் ஓடைகளில் மரப்பாலமோ மூங்கில் பாலமோ நெடுநாள் நிலைப்பதில்லை. ஈரத்தில் மக்கிப் போகும். ஆகவே மக்கள் உயிருள்ள மரத்தையே பாலமாக்கினர். கரையில் நிற்கும் இரப்பர் அத்தி மரத்தின் இளம் வேர்களை, உட்புறம் குடைந்த பாக்குமரத் தண்டின் வழியாக மறுகரைக்குச் செலுத்துகின்றனர். வேர் அங்கே மண்ணைப் பற்றுகிறது. ஒன்றோடொன்று பின்னிவிட்ட வேர்கள் ஆண்டுதோறும் தடிக்கின்றன. மனிதர் நடக்கும் வலிமை பெற 15 முதல் 30 ஆண்டுகள் ஆகும். அதன்பின் நாளாக நாளாக உறுதி கூடுமேயன்றிக் குறையாது. 2022ஆம் ஆண்டு இவ்வேர்ப்பாலங்கள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

அம்மையார் பாலத்தின் நடுவே நின்று வேரைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்து, வழவழப்பாக, மாட்டின் கழுத்தைத் தடவுவது போல இருந்தது. அதன் ஓரத்தில் விரல் பருமனே உள்ள இளம் வேர் ஒன்றை யாரோ புதிதாக மூங்கிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கட்டிய நாரின் பச்சை நிறம்கூட இன்னும் மாறவில்லை.

“இதைக் கட்டியவருக்கு என்ன வயதிருக்கும்?” என்று கணவர் கேட்டார்.

அங்கு நின்ற சிறுவன் ஒருவன் தன் பாட்டனார் என்றான்.

அன்றிரவும் மழை பெய்தது. பேச்சு கேட்கவில்லை. கணவர் பழைய தாளையே எடுத்தார். அதன் பின்புறத்தில் ஊர் வீட்டின் படத்தை வரைந்தார். கூரையின் பரப்பு 60 சதுர மீட்டர் என்றும், ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் என்றும் குறித்துப் பெருக்கினார். 48,000 லிட்டர் என்று விடை வந்தது. குடிக்கவும் சமைக்கவும் இருவருக்கும் நாளொன்றுக்கு 30 லிட்டர் என்றாலும் ஆண்டுக்கு 11,000 லிட்டரைத் தாண்டாது. முற்றத்தின் மூலையில் ஒரு கட்டத்தை வரைந்து ‘தொட்டி’ என்று எழுதி, தாளை மனைவியிடம் நீட்டினார்.

அம்மையார் கண்ணாடியை அணிந்து, விளக்கருகே வைத்து ஒவ்வோர் எண்ணாகப் பார்த்தார். 48,000 என்பதை அடித்துவிட்டு 38,400 என்று திருத்தினார். சிந்துவதும் ஓடு உறிஞ்சுவதும் போக ஐந்தில் நான்கு பங்குதான் தொட்டிக்கு வரும் என்பது அவர் கணக்கு. பிறகு அதன்கீழ், “ஓட்டை மாற்றினால்தான் இதுவும்” என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

கணவர் பென்சிலை எடுத்து, ‘ஓடு’ என்று எழுதி, எதிரே விலையைக் குறிக்க இடம் விட்டார்.

சொற்பொருள்

செத்தை – நீரில் அடித்துவரப்படும் காய்ந்த இலை, குச்சி முதலியன. கண்மாய் – மழைநீரைத் தேக்கும் பாசன ஏரி, பாண்டிநாட்டு வழக்கு. வரத்துக்கால் – ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய். மடை – நீரைத் திறந்துவிடும் வழி. கலுங்கு – மிகுதி நீர் வெளியேறும் கற்கட்டு. ஊருணி – ஊரார் குடிநீர் எடுக்கும் குளம். தூர்தல் – மண் சேர்ந்து அடைபடுதல்.

எண்ணி எழுதுக

1. ஓடையில் நீர் குறைவாக இருந்தும் அம்மையார் வண்டியை எடுக்கச் சொன்னது ஏன்? அவர் கண்ட சான்று யாது?

2. மிகுதியாக மழை பெய்யும் சோராவில் நீர்த்தட்டுப்பாடு ஏற்படும் காரணங்களை ஐந்து தொடர்களில் எழுதுக.

3. கணவரும் மனைவியும் தாளில் எழுதிக்கொண்ட செய்திகளை வரிசைப்படுத்துக. முதல் இரவின் தாளுக்கும் இறுதி இரவின் தாளுக்கும் இடையே நீங்கள் காணும் மாற்றம் என்ன?

4. உங்கள் வீட்டில் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் அவர்களுடைய ஊரில் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, அவர்கள் பயன்படுத்தும் ஊர்ச் சொற்களை அப்படியே குறித்துக்கொண்டு வருக.

5. நீங்கள் வாழும் நகரின் ஆண்டு மழையளவைக் கண்டறிந்து, உங்கள் பள்ளிக் கூரையில் ஓராண்டில் எத்தனை லிட்டர் நீர் சேரும் எனக் கணக்கிடுக.